கோழியரிசியில் ஒரு கராம்பு

றுக்கியாவின் குசினியில் இரண்டு அரிசி வாளிகள் இருந்தன. பெரிய வாளியில் நாடு அரிசி. அது வீட்டுக்கு. இறுக்கி மூடிய சின்ன வாளியில் விலை கூடிய கீரி சம்பா. அது அல்லாஹ்வுக்கு.

கிண்ணியாவில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன், அதில் ஒரு பிடியை அள்ளி ஒரு தகரப் பேணியில் போட்டு வைப்பார்கள். வியாழக்கிழமைகளில் பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்து வீடு வீடாகச் சேர்த்துக்கொண்டு போவார். பிடியரிசி என்று பெயர். எல்லா வீடுகளிலும் தாங்கள் தின்னும் அரிசியிலேயே அந்தப் பிடியை எடுத்தார்கள். றுக்கியாவுக்கு அது அரை மனதோடு கொடுக்கிற தர்மமாகப் பட்டது. அவள் வீட்டுக்கு நாடு அரிசியை அளந்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, சின்ன வாளியைத் திறந்து கீரி சம்பாவில் ஒரு பிடி எடுப்பாள். வண்டு பிடிக்காமலிருக்க மற்றப் பெண்கள் பேணியில் வேப்பிலை போட்டார்கள், சிலர் செத்தல் மிளகாய் போட்டார்கள். றுக்கியா கராம்பு போட்டாள். வாரத்துக்கு மூன்று கராம்பு. கராம்பு இப்போது என்ன விலை விற்கிறது என்பதையும் கேட்டவர்களுக்குச் சொல்லி வைத்தாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

"புள்ள, அல்லாஹ்ட வாளியில இருந்து ஒரு நாளைக்கு எங்களுக்கும் ஆக்கினா என்ன? அவன் கோவிக்க மாட்டான்" என்று அவளுடைய கணவர் றஊப் வருடத்தில் இரண்டு தடவையாவது கேட்பார். துறைமுகத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு ருசியானதைக் கண்டால் காவலை மறக்கிற மனிதர்.

"அவன் கோவிக்க மாட்டான். நான் கோவிப்பன்" என்பாள் றுக்கியா. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பது அவள் வாழ்க்கையில் கடைப்பிடித்த கொள்கை. அந்தக் கொள்கை அவளுக்கு இருந்தது என்பது ஊர் முழுக்கத் தெரியும்.

அவள் பெண்கள் சங்கத்தில் பிரபலமானதும் அப்படித்தான். லிங்கநகரிலிருந்து கஜந்தி என்ற இளம் உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் பாலத்தைக் கடந்து வந்து, வீட்டுப் பொருளாதாரம் பற்றி மூன்று நாள் வகுப்பு நடத்தினாள். கரும்பலகையில் மூன்று வட்டம் கீறினாள். செலவு, தர்மம், சேமிப்பு.

"உங்கட மனசுக்கு எது பெரிசோ, அது உங்கட காசு போற வழியிலயும் தெரிய வேணும். ஆராவது ஒரு உதாரணம் சொல்லுங்கோ பாப்பம்."

நாற்பது பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். றுக்கியா எழுந்தாள்.

"செலவு எண்டா மிஸ், நான் சனிக்கிழமைல இடியப்பம் காசுக்கு வாங்குறனான். எனக்கு அவிக்கத் தெரியாமலா? பின் வளவில சனூஸா எண்டு ஒரு புள்ள, புருசன் கடலுக்குப் போய் மௌத்தாகிட்டார். அவளுக்கு ஒரு ஆதரவு. தர்மம் எண்டா பிடியரிசி. கீரி சம்பா மிஸ், கராம்பு போட்டது. சேமிப்பு எண்டா கோழி. முட்ட வித்த காசு மக்காவுக்கு உம்றாப் போக. அதில ஒரு ரூவா வேற ஒண்டுக்கும் எடுக்க மாட்டன். மூண்டும் மூண்டு அறை மாதிரி. ஒண்டில உள்ளது மத்ததுக்குப் போகாது."

கஜந்தி கை தட்டினாள். மாதிரிக் குடும்பம் என்று அவளுடைய பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். மாதந்தோறும் நிரப்ப ஒரு அட்டையும் கொடுத்தாள். அந்த மூன்று அறைகளுக்கும் பின்பக்கம் ஒரே கதவுதான் என்பது அப்போது றுக்கியாவுக்கும் தெரியாது, மிஸ்ஸுக்கும் தெரியாது.

கோழிகள் வந்து நான்கு வருடமாகிறது. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் வளர்க்கத் தொடங்கியவை. கடையில் கோழித்தீன் விலை ஏறியபோது எல்லோரும் கோழிகளை அறுத்துத் தின்றார்கள். றுக்கியா அறுக்கவில்லை. றஊப் எங்கோ மலிவாக அரிசி எடுத்து வந்தார். அரிசிக் கடையில் நிலத்தில் சிந்தியதைக் கூட்டி அள்ளியது என்றார். சிவப்பும் வெள்ளையும் சம்பாவும் நாடுமாகக் கலந்து கிடந்தது. அதற்குக் கோழியரிசி என்று வீட்டில் பெயர் வைத்தார்கள். றுக்கியாவுக்கு முழங்காலில் வாதம். கூட்டுப் பக்கம் குனிந்து நிமிர ஏலாது. ஆகவே, தீன் போடுவதும் கூட்டைக் கழுவுவதும் றஊபின் வேலை. முட்டையைப் பொறுக்கி விற்பதும் காசை அலுமாரிக்குள் பிஸ்கட் பேணியில் வைப்பதும் றுக்கியாவின் வேலை. இரண்டில் எது கடினம் என்ற விவாதம் அந்த வீட்டில் முடிந்தபாடில்லை.

இந்த வருடம் பேணி நிறைந்தது. கடவுச்சீட்டு வந்தது. படம் பிடித்தாயிற்று. ஊரிலிருந்து இருபது பேர் கொண்ட குழு அடுத்த மாதம் புறப்படுகிறது. குழுவைக் கூட்டிப் போகிறவரிடம் ஞாயிற்றுக்கிழமை காசைக் கட்டிவிட்டால் முடிந்தது. மிச்சமிருந்தது பயணம் சொல்லுகிற வேலைதான்.

மக்காவுக்குப் போகிறவர்கள் சும்மா போவதில்லை. வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளும்படி கேட்கவேண்டும். மனிதர் மன்னிக்காததை இறைவன் மன்னிப்பதில்லை என்பது நம்பிக்கை. கேட்கப்படுகிறவர்களுக்கும் ஒரு முறை உண்டு. "அல்லாஹ்வே! நீங்க என்ன பிழை செஞ்சீங்க? எங்களுக்காகவும் துஆச் செய்ங்க" என்று சொல்லி, ஒரு தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பவேண்டும். றுக்கியா மூன்று நாளில் பதினெட்டு வீடு முடித்தாள். பதினேழு வீட்டில் முறைப்படியே நடந்தது. அஸ்மியா மட்டும் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "எல்லாத்தையும் பொருந்திட்டன். ஆனா அந்த மா அரிக்கிற அரிதட்டு? ரெண்டாயிரத்துப் பதினெட்டில கொண்டு போனது" என்றாள். அரிதட்டு அன்றைக்கே திரும்பிப் போனது.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு முன்பு, கடைசி வீடாகச் சனூஸாவின் வீடு. இங்கே பிழை ஒன்றும் இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தேதான் கடைசியாக வைத்திருந்தாள். தித்திப்பானதைக் கடைசியில் தின்னுகிற பழக்கம்.

சனூஸா பலகையில் உட்கார்ந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது. கை மட்டும் ஐம்பது வயதுக்காரியினுடையது.

"சனூஸா, இன்ஷா அல்லாஹ் வாற மாசம் உம்றாவுக்குப் போறன். ஏதும் பிழ செஞ்சிருந்தாப் பொருந்திக்க புள்ள."

"நீங்களா ராத்தா? நீங்க எனக்கு என்ன பிழ செஞ்சீங்க? போய்ட்டு வாங்க. எனக்காகவும் ரெண்டு வார்த்த கேளுங்க." சனூஸா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கொஞ்சம் தயங்கினாள். "ஒண்டே ஒண்டு. பிழ எண்டு இல்ல. றஊப் மச்சானிட்டச் சொல்லி, வெள்ளிக்கிழமையில கொஞ்சம் அடக்கிக் கேக்கச் சொல்லுங்களன்."

"என்னத்தக் கேக்கிற?"

"ஏலம் ராத்தா. பள்ளியரிசி ஏலம்."

"பள்ளியில என்னத்துக்கு அரிசிய ஏலம் போடுற? அது ஏழைகளுக்குக் குடுக்கிறது தானே?"

சனூஸாவுக்குச் சிரிப்பு வந்தது. "அது எப்பவோ. இப்ப ஆரு எடுக்கிற? ஒரு சாக்கில அறுவது வீட்டு அரிசி. சம்பா குழஞ்சு போகக்குள்ள நாடு கல்லாக் கிடக்கும். சோறாக்க ஏலாது. ஜும்ஆ முடிஞ்ச கையோட முத்தத்தில வச்சு ஏலம் போட்டு, காசப் பள்ளிக்கு எடுக்கிறாங்க. ஆம்புளைகள் எல்லாருக்கும் தெரியுமே."

ஆம்புளைகளுக்குத் தெரியும். அரிசியைப் பிடி பிடியாகச் சேர்க்கிறவர்கள் பெண்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது, ஜும்ஆவுக்குப் பின் பள்ளி முற்றத்தில் நிற்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். முப்பது வருடமாகப் பிடியரிசி போட்ட றுக்கியா, அது ஏழை வீட்டு உலையில் கொதிப்பதாகவே நினைத்திருந்தாள். எந்த ஏழை வீடு என்றுகூட ஒரு கணக்கு வைத்திருந்தாள். அவள் இப்போது நின்றுகொண்டிருந்த வீடு.

"உனக்கு என்னத்துக்குப் புள்ள அந்த அரிசி?"

"மாவுக்கு. அரச்சா எல்லாம் ஒண்டுதானே, ஆரு நிறம் பாக்கிற? கடையரிசில அவிச்சா எனக்கு அரைக்கிற கூலிதான் மிஞ்சும். பள்ளியரிசி கிடச்ச கிழம எண்டா வீட்டுக்கும் நாலு சாமான் வாங்கலாம். என்ட தம்பி பாஹிம்தான் எனக்காகக் கேக்கிறவன். மச்சான் நிண்டா அவனால ஏலாது. இவன் பத்துப் பத்தா ஏத்த, மச்சான் அம்பது அம்பதா ஏத்துறார். பாஹிமுக்கு மச்சானக் கண்டாலே காய்ச்சல்."

"அவர் அத எடுத்து என்ன செய்யுறார்?"

"எனக்கென்ன தெரியும்? கோழிக்கெண்டு பாஹிம் சொன்னான்."

"பள்ளி லிஸ்டில பேரக் குடுத்தா உனக்குச் சும்மாவே ஏதாச்சும் தருவாங்க தானே?"

"வேணாம் ராத்தா. லிஸ்டில பேர் இருந்தா நோன்புக்கு நோன்பு வரிசையில நிக்கணும். ஏலத்தில எடுத்தா என்ட காசு, என்ட அரிசி." சனூஸா இடியப்ப உரலை எடுத்தாள். "சரி, அத விடுங்க. நான் எல்லாத்தையும் பொருந்திட்டன்."

றுக்கியா வீட்டுக்கு வந்து, முழங்காலைத் திட்டியபடி, கோழிக் கூட்டுக்குப் பின்னாலிருந்த கோழியரிசிப் பீப்பாயின் மூடியைத் திறந்தாள். கையை முழங்கை வரை விட்டுக் கிளறி ஒரு பிடி அள்ளினாள். சிவப்பு, வெள்ளை, நாடு, சம்பா. நடுவில் ஒரு கராம்பு. இன்னொரு பிடி. இன்னொரு கராம்பு. சுற்றி நின்ற சேவலும் பேடுகளும், வேளை தவறி வந்த எஜமானியை நம்பிக்கையோடு பார்த்தன. நான்கு வருடமாகக் கீரி சம்பா தின்ற கோழிகள். அந்த வீட்டில் கீரி சம்பா தின்றவை அவை மட்டும்தான்.

றஊப் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது அவள் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"இது என்ன?"

"கராம்பு."

"கோழிக்குப் பல்லு வலியா?"

றஊப் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பவும் போட்டார்.

"கடையில கூட்டி அள்ளினது எண்டீங்க."

"பள்ளியில கூட்டி அள்ளினது. கூட்டி அள்ளினது உண்ம தானே?"

"நான் நீங்க சொன்ன கடை விலைக்குக் காசு தந்தனான். ஏலத்தில அத விட மலிவு. மிச்சம் எங்க?"

"தேத்தண்ணி."

"நாலு வருசமாத் தேத்தண்ணியா?"

"ரொட்டியும்" என்றார் றஊப், பொய் சொல்லக்கூடாது என்பதற்காக.

பிறகு அவர் துணிந்து வாதாடினார். வாதம் நன்றாகவே இருந்தது. "இங்க பார் புள்ள. ஏலம் கேக்கிறதும் ஒரு தர்மம்தான். நான் ஏத்திக் கேட்டா பள்ளிக்குக் கூட வருது. பள்ளிக்கு வந்தா ஏழைக்குப் போகுது. அப்ப, நான் எவ்வளவுக்கு ஏத்துறனோ, அவ்வளவுக்குச் சனூஸா மாதிரி ஆக்களுக்குத்தான் நல்லம்."

"சனூஸா லிஸ்டில இல்ல."

றஊப் மறுபடியும் தொப்பியைக் கழற்றினார்.

அந்தி மஃரிபு பாங்கு சொல்லும்வரை றுக்கியா கதிரையை விட்டு எழவில்லை. அவள் வீட்டுக் கீரி சம்பா பள்ளிக்குப் போனது. தர்மம். பள்ளியிலிருந்து அவள் கொடுத்த காசிலேயே திரும்பி வந்து கோழிக்குள் போனது. கோழி முட்டையாகி, முட்டை உம்றாவாகிப் பேணிக்குள் கிடக்கிறது. சேமிப்பு. றஊப் தோற்ற வாரங்களில் அதே அரிசி சனூஸாவின் உரலுக்குப் போய், சனிக்கிழமை அவளுடைய பீங்கானுக்கே இடியப்பமாக வந்தது. செலவு. அதையும் அவள் நேர்விலைக்கு வாங்கவில்லை. "ஆதரவுக்குத்தானே வாங்குறன், ரெண்டு கூடப் போடு புள்ள" என்று ஒவ்வொரு சனியும் கேட்டு வாங்கினாள். ஒரு விதவைக்குப் போகவேண்டிய சாக்கைத் தடுத்து எடுத்ததும் அவள் வீடு. கிடைத்த சாக்கில் இரண்டு இடியப்பம் இலவசமாகத் தின்றதும் அவள் வீடு.

அடுத்த நாள் காலையில் மௌலவிக்குத் தொலைபேசி எடுத்தாள். ஆள் பெயர் சொல்லாமல், ஊருக்குப் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள். மௌலவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பகிரங்க ஏலத்தில் காசு கொடுத்து வாங்கியது ஹலால், அதில் வந்த முட்டையும் ஹலால், முட்டைக் காசும் ஹலால், சந்தேகமே தேவையில்லை என்றார்.

"அப்ப ஏன் மௌலவி எனக்குத் தொண்டையில நிக்குது?"

"நீங்க கேட்டது சட்டம். இது தொண்ட, ராத்தா. அதுக்கு நான் என்ன சொல்ற?"

ஆக, எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். மார்க்கம் மன்னித்தது. புருஷன் தன்னைத்தானே மன்னித்துக்கொண்டார். சனூஸா கேட்பதற்கு முன்பே பொருந்திக்கொண்டாள். உம்றாவுக்குத் தடையாக உலகத்தில் ஒருவரும் இல்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் றுக்கியாவுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அன்று ஜும்ஆவுக்குப் போகும்போது, ஏலத்தில் வாய் திறக்கக்கூடாது என்று றஊபிடம் சொல்லி அனுப்பினாள். அவர் தொழுகை முடிந்த கையோடு நேராக வீட்டுக்கு வந்தார். கல்யாணம் முடித்து முப்பத்தொரு வருடத்தில் அப்படி வந்ததில்லை. சாக்குப் பாதி விலையில் பாஹிமிடம் போனது. பிரச்சினை தீர்ந்தது என்று றுக்கியா மூச்சு விட்டாள்.

சனிக்கிழமை காலையில் பள்ளி நிர்வாகத்து ஸஜ்ஜாத் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நோயாளியைப் பார்க்க வந்த முகம்.

"றஊப் காக்காக்கு என்ன சுகமில்லையா?"

"சுகம்தான்" என்றார் றஊப்.

"அப்ப ஏன் நேத்து வரல்ல? நீங்க இல்லாத ஏலம் மையத்து வீடு மாதிரிக் கிடந்துச்சு. ஒருத்தன் வாயத் திறக்கல்ல. பாதி விலை, காக்கா! மாரி வரக்குள்ள வுளூவுக்குக் கைகால் கழுவுற இடத்துக் கூரைக்குத் தகடு போடணும். அதுக்கு இந்த அரிசிக் காசத்தான் நம்பி இருக்கம். நீங்க கேட்டாத்தான் மத்தவனுக்கும் ரோசம் வருது. வாற வெள்ளி கட்டாயம் வந்திரணும்."

றஊப் மனைவி இருந்த குசினிப் பக்கம் பார்த்தார். பிரியாவிடை சொன்ன விளையாட்டுக்காரனைத் திரும்ப மைதானத்துக்கு அழைத்ததுபோல அவருடைய முகம் மலர்ந்து கிடந்தது. ஸஜ்ஜாத் போன பிறகு, "பாத்தியா? நான் ஏத்தினா சனூஸாக்கு நட்டம். ஏத்தாட்டிப் பள்ளிக்கு நட்டம்" என்றார்.

"அப்ப நட்டம் எங்களுக்கு வரட்டும்" என்றாள் றுக்கியா. இரவெல்லாம் யோசித்ததுபோலச் சொன்னாள். உண்மையில் அந்த நிமிடம்தான் யோசித்தாள்.

"என்ன?"

"நீங்க போய்க் கேளுங்க. அம்பது அம்பதா இல்ல, நூறு நூறா ஏத்துங்க. சாக்க எடுத்துப் பாஹிம்ட குடுங்க. நேத்து அவன் குடுத்த விலைய மட்டும் வாங்குங்க. மிச்சம் நாங்க போடுறம். சனூஸாக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா, லிஸ்டில பேர் போட்ட மாதிரி அவள் சாக்கத் திருப்பி அனுப்புவாள்."

"கோழிக்கு?"

"கடையில தீன் வாங்கிப் போடுவம்."

"அதுக்கெல்லாம் காசு?"

றுக்கியா அலுமாரிப் பக்கம் தலையை அசைத்தாள். றஊப் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் கட்டுற காசு, புள்ள. நீ பயணம் சொல்லி முடிச்சிட்டாய். மௌலவியும் ஹலால் எண்டுட்டார்."

"அங்க போய் நிண்டு கையேந்தக்குள்ள கையில கராம்பு மணந்தா, நான் என்னெண்டு துஆக் கேக்கிற?"

"கராம்பு நல்ல வாசம் தானே" என்றார் றஊப், மெதுவாக. பிறகு, "எத்தின வெள்ளிக்கு இப்பிடி?" என்று கேட்டார்.

"எத்தின வெள்ளி எடுத்தமோ, அத்தின வெள்ளிக்கு."

"அத ஆரு எண்ணினது?"

"அப்ப எண்ணாமலே குடுப்பம்."

குழு அடுத்த மாதம் பத்தொன்பது பேரோடு புறப்பட்டது. பஸ் பள்ளி வாசலிலிருந்து வெளிக்கிட்டபோது றுக்கியா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். றஊப் காசை எடுத்துத் தின்றுவிட்டார் என்பது ஒரு கதை. கடைசி நேரத்தில் கையிலிருந்த காசைக் கொடுக்க றுக்கியாவுக்கு மனம் வரவில்லை, அவ்வளவு உலோபி என்பது இன்னொரு கதை. இரண்டாவது கதைக்குத்தான் ஆதரவு அதிகம். அவளால் மறுத்துச் சொல்ல ஏலாது. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். காரணம் பின் வளவுக்கு எட்ட இரண்டு நிமிடம்கூட எடுக்காது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமலிருப்பது இவ்வளவு நெஞ்சு எரிச்சலான வேலை என்று, அந்தக் கொள்கையை இத்தனை வருடம் வாயால் கடைப்பிடித்த காலத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அஸ்மியாவுக்கு வேறு கவலை. "நீ போகல்ல எண்டா, நாங்க பொருந்தினது என்ன மாதிரி? அடுத்த வருசத்துக்கும் அது செல்லுமா, இல்ல திரும்ப வந்து கேப்பியா?"

"திரும்ப வாறன்" என்றாள் றுக்கியா.

"வா, வா. அரிதட்டு மட்டும் வேணுமெண்டா இப்பவே கொண்டு போ."

வெள்ளிக்கிழமைகளில் றஊப் முன்பைவிடக் கம்பீரமாகப் பள்ளிக்குப் போனார். மனைவியின் அனுமதியோடு விலையை ஏற்றுகிற மனிதரை எதிர்த்து நிற்க யாராலும் முடியவில்லை. கூரைக்குத் தகடு வந்தது. ஸஜ்ஜாத் அவரைக் கண்ட இடத்தில் கட்டிப்பிடித்தார். கோழிகள் மட்டும் கடைத்தீனை இரண்டு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, முட்டையைக் குறைத்துக்கொண்டன.

மாத முடிவில் கஜந்தி அட்டையைப் பார்க்க வந்தாள். சங்கம் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறது. மாதிரிக் குடும்பத்தின் படம் அதில் வரவேண்டும். அட்டையைப் படிக்கப் படிக்க அவளுடைய முகம் சுருங்கியது.

"அக்கா, சேமிப்புக் கீழ இறங்கிக்கொண்டு போகுது. கோழித்தீன் செலவு ரெண்டு மடங்காகியிருக்கு. இது என்ன, 'அரிசி ஏலம், நட்டம்' எண்டு? ஒவ்வொரு கிழமையும் நட்டமே?"

"ஓம் மிஸ்."

"இத எந்த வட்டத்தில போடுற? செலவா, தர்மமா?"

றுக்கியா யோசித்தாள். தர்மம் என்று எழுதினால் யாருக்கு என்று கேட்பாள். "நட்டத்துக்கு ஒரு வட்டம் இல்லையா மிஸ்?"

"இல்லையக்கா." கஜந்தி பேனையை மூடினாள். நல்ல பிள்ளை, மனம் நோகாமல் சொல்ல முயன்றாள். "ஏலம் கேக்கிறது ஒரு பழக்கமாப் போயிரும் அக்கா, சூது மாதிரி. உங்கட அவரோட கொஞ்சம் கதைச்சுப் பாருங்கோ. இந்த முறை புத்தகத்துக்கு நான் வேற ஒராளைப் போடுறன். குறை நினைக்காதேங்கோ. நீங்கள் அந்த நாள் சொன்னமாதிரி மூண்டையும் மூண்டு அறையா வச்சிருந்தா, எல்லாம் திரும்பச் சரி வரும்."

"ஓம் மிஸ். பாப்பம்" என்றாள் றுக்கியா. கஜந்தி போகும்போது பத்து முட்டை கொடுத்தாள். அந்த வாரம் கிடைத்ததில் அது பெரிய பங்கு.

அடுத்த நாள் சனிக்கிழமை. றுக்கியா பின் வளவுக்குப் போய் இருபது இடியப்பம் கேட்டாள். சனூஸா வாழை இலையில் எண்ணி வைத்தாள். எண்ணி முடித்ததும், கை பழக்கத்தில் இன்னும் இரண்டை எடுத்தது.

"ரெண்டு கூட வேணாம் புள்ள."

"என்ன ராத்தா, சுகமில்லையா?"

"சுகம்தான். ஏன், இருபது இருபதாவே இருந்தா என்ன?"

சனூஸா இரண்டையும் தட்டில் திருப்பி வைத்தாள். "உம்றாக்குப் போகல்ல எண்டு கவலப்படாதீங்க. அஸ்மியா ராத்தா சொல்றாவாம், மன்னிப்பு அடுத்த வருசம் செல்லாதாம். பொருந்தினது பொருந்தினதுதான். வருசத்துக்கு வருசம் புதுப்பிக்க அது என்ன மோட்டர் சைக்கிள் லைசனா?"

றுக்கியா காசை எண்ணினாள். சனூஸா இலையை மடித்து நூல் கட்டினாள். நூலை அறுக்காமல் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒரு விசயம்தான் எனக்கு விளங்கல்ல, ராத்தா. வெள்ளிக்கிழமையில மச்சான் ஏலம் கேக்கிற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது. நூறு நூறா ஏத்துறார். முன்ன மாதிரி இல்ல, வெறி பிடிச்ச மாதிரி. ஆனா சாக்கு என்ட வீட்டுக்குத்தான் வருது. அதுவும் பாதி விலைக்கு. பாஹிமிட்டக் கேட்டா அவன் முகத்தத் திருப்புறான். ஏறின விலை எப்பிடி ராத்தா வழியில இறங்குது?"

உரலுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை இருந்தது. மாவுக்கு அரிசி புடைக்கும்போது பொறுக்கி எடுத்த கராம்புகள் அதில் பாதிக்கு மேல் நிறைந்து கிடந்தன. றுக்கியா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததைச் சனூஸாவும் பார்த்தாள்.

"ஏலத்தப் பத்திப் பொம்புளைகளுக்கு என்ன புள்ள தெரியும்?" என்று சொல்லிவிட்டு, றுக்கியா இடியப்பப் பார்சலை வாங்கிக்கொண்டு, முழங்கால் வலியை மறந்து, வேகமாக நடந்தாள்.